அடைக்கலம் கொடுத்தவர் கடன்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற உரை)





இந்த மேடையிலே வழக்கமாகப் பேசப்படும் விஷயங்கள் எவை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. நாவலர் பெருமானின் தொண்டு பேசப்படும். மதுவிலக்குப் பேசப்படும். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி பேசப்படும். இவ்வாண்டு நாம் பேச எடுத்துக்கொண்டது நாயும் பூனையும் என்று காரியதரிசி அறிவித்தபோது பின்வரிசையிலே சிலர் சிரித்தார்கள். அவர்கள் மீது எமக்குக் கோபமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் நாமும் அந்த வரிசையில் இருந்து சிரித்திருப்போம்.

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே, விடியற்காலைப் பூசைக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கோயில் படிக்குக் கீழேயுள்ள மதகின் ஓரத்திலே ஓர் உரச்சாக்கு அசைந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். ஐந்து நாய்க்குட்டிகள். கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிராது. இரண்டு ஏற்கனவே விறைத்துப் போயிருந்தன. மற்ற மூன்றையும் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு எமக்கு மிகப் பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக ஓர் எண்ணம். சங்கத்திலே அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். மூன்று வீடுகளில் மூன்று குட்டிகளையும் ஒப்படைத்தோம். அத்தோடு அந்த விஷயத்தை மறந்தோம்.

மறந்ததன் பலனைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

முதலாவது குட்டி இரண்டு மாதத்திலே இரத்தப் பேதி கண்டு இறந்தது. மிருக வைத்தியர் அது 'பார்வோ' என்னும் வைரசு நோய் என்றும், தக்க காலத்திலே ஊசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கிருமி நிலத்திலே பல மாதங்கள் கிடக்கும். ஆகவே அதே முற்றத்துக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்றும் எச்சரித்தார். இரண்டாவது, ஆண் குட்டி. விளையாட்டிலே அந்த வீட்டுச் சிறுவனின் கையைக் கடித்துவிட்டது. குட்டிக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா என்று வைத்தியசாலையிலே கேட்டார்கள். தாய்க்குத் தெரியாது, எம்மைக் கேட்டார், எமக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஊசி போடுவதற்காக அந்தத் தாய் மலைக்குப் போகாமல் நின்ற நாட்கள் நாலு. நாலு நாள் பேர் போயிற்று. கொழுந்து எடுக்கும் வீட்டிலே நாலு பேர் போவதென்றால் என்ன என்பதை இந்தச் சபைக்கு நாம் விளக்கவேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது, பெண் குட்டி. லயத்திலே ஒரு குடும்பத்தார் பாசத்தோடு வளர்த்தார்கள். அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று நாம் அவர்களிடம் சொல்லவில்லை. எமக்கே தோன்றவில்லை. அடுத்த ஐப்பசியில் அது ஆறு குட்டிகள் ஈன்றது. கார்த்திகை முடியுமுன் அதே மதகிலே இன்னொரு சாக்கு கிடந்தது.

அந்தக் குடும்பத்தைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே ஆறு பேர் இருக்கும் வீட்டிலே ஏழு நாய்கள் எப்படி இருக்கும்? அந்தச் சாக்கைக் கட்டிய கை அவர்களுடையது. ஆயினும் அதை ஆரம்பித்து வைத்தவர்கள் நாமே. ஆகவே இன்று நாம் பேசுவது ஜீவகாருண்யத்தின் பெருமையைப் பற்றியல்ல. காருண்யம் கொண்டு ஓர் உயிரைத் தூக்கிக்கொண்டு வந்த மறுநாள் காலையிலே தொடங்கும் கடமையைப் பற்றி.

எமது சமயத்திலே இதற்கு ஓர் உத்தமமான கதை உண்டு. மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பர்வத்திலே, தருமபுத்திரர் தம்பியரோடும் பாஞ்சாலியோடும் வடதிசை நோக்கிப் போகும்போது ஒரு நாய் பின்தொடர்கிறது. வழியிலே ஒவ்வொருவராக வீழ்கின்றனர். கடைசியில் தருமரும் நாயுமே எஞ்சுகிறார்கள். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறும்படி சொல்லுகிறான். அண்டி வந்ததை விட்டுவிட்டு வரும் சுவர்க்கம் தமக்கு வேண்டியதில்லை என்று தருமர் நின்றுவிடுகிறார். கதையின் முடிவு உங்களுக்குத் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த நாய் தருமர் வளர்த்த நாய் என்று கதை சொல்லவில்லை. அது தானாகப் பின்னால் வந்தது. ஆயினும் 'இது எனதல்ல' என்னும் நியாயத்தை அவர் சொல்லவேயில்லை. நாமோ அந்த ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டே வாழ்கிறோம். 'அது எங்கள் நாயில்லை, லயத்து நாய்' என்கிறோம். சோறு போடும்போது அது எங்கள் நாய். கடித்துவிட்டால் லயத்து நாய்.

வைரவருக்குத் தேய்பிறை அட்டமியிலே வடைமாலை சாத்துகிறோம். அவரது வாகனம் வாசலிலே வந்து நின்றால் கல்லெடுக்கிறோம். இதைக் கோயில் நிருவாக சபையினர் முன்னிலையிலே சொல்லுகிறோம்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதையை விட்டு நடந்த காரியத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு சென்னையிலே பெருமழை பெய்து தியாகராய நகர் வீதிகளில் வெள்ளம் ஓடியது. காப்டன் வி. சுந்தரம் என்ற விமானி, வெள்ளத்திலே தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கண்டு, எடுத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் அவர் துணைவியார் உஷா அம்மையாரும் பிள்ளைகளும் அவற்றைப் பராமரித்தனர். ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகி, அந்த வீட்டிலிருந்தே 'புளூ கிராஸ்' என்னும் சங்கம் பிறந்தது. இன்றும் அது இந்தியாவின் பெரிய பிராணி நலச் சங்கங்களுள் ஒன்று. அவர்களை நாம் மெச்சுவது குட்டிகளைத் தூக்கியதற்காக மாத்திரமல்ல. தூக்கித் தூக்கி மாளாது என்பதை அவர்கள் ஐந்தே வருடங்களில் உணர்ந்தார்கள். 1964-இலே நாய்களைக் கொல்லாமல், பிடித்துச் சத்திரசிகிச்சை செய்து, தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைத் தொடங்கினார்கள். அதைச் சென்னை மாநகராட்சி ஏற்று, நாய்களைக் கொல்வதை நிறுத்தியது 1996-இலே. ஒரு நல்ல காரியம் அதிகாரிகளின் காதில் ஏற முப்பத்திரண்டு வருடம் பிடித்திருக்கிறது என்றால், எமது சங்கத்தின் கடிதங்களுக்கு இன்னும் பதில் வராததில் வியப்பில்லை.

எமது நாட்டின் சரித்திரமும் அப்படிப்பட்டதே. ஊவாவிலே உயிர்க்கொலையைக் கணக்கெழுதிப் பெருமை கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1845-இலே இடிவிழுந்து இறந்த பதுளை அதிகாரி மேஜர் ரொஜர்ஸ், ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. நகரத்திலுள்ள புனித மார்க்கு தேவாலயம் அவர் ஞாபகமாகவே எழுந்தது. நாய்களைப் பற்றிய சட்டமும் கொல்லுவதிலேதான் ஆரம்பித்தது. 1893-ஆம் ஆண்டு விசர்நாய்க் கட்டளைச் சட்டம் அலைந்து திரியும் நாய்களைப் பிடித்து அழிப்பதற்கு வழி செய்தது. 1901-இலே நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பிராணிகளை வதை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1907-இலே வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகக் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 2006-ஆம் ஆண்டிலே அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதில்லை என்னும் கொள்கையை மேற்கொண்டது.

இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆனால் கொல்லும் கை நின்றவுடன் பொறுப்பு எங்கே வந்து விழுந்தது என்று பாருங்கள். எமது வாசலிலே விழுந்தது. நாயைப் பதிவு செய்வது யார்? ஊசி போடும் தினத்திலே அதைப் பிடித்து நிற்பது யார்? வீட்டுக்காரர்.

விசர்நாய்க்கடி நோயைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுவதற்கு உத்தரவு கேட்கிறோம். உயிர் போகும் விஷயம் அது ஒன்றே. 1973-ஆம் ஆண்டிலே இலங்கையில் 377 பேர் இந்த நோயால் மாண்டார்கள். அண்மை ஆண்டுகளிலே அந்தத் தொகை இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது தடுப்பூசி. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அபிப்பிராயம். ஆனால் நோய்க்குறி தோன்றிவிட்ட மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்லலாம். ஆகையால் கடியோ நகக்கீறலோ பட்டால், சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரிலே பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பீலியடியிலே நின்று கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீண்ட நேரம். பின்பு அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மஞ்சளும் கோப்பித் தூளும் காயத்திலே அப்புகிற பழக்கத்தை எமது பாட்டிமார் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடவும் கூடாது. பத்து நாள் கட்டிவைத்துப் பார்த்தால்தான் அதற்கு நோய் உண்டா இல்லையா என்று தெரியும். கொன்றுவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

குட்டிதானே, அதற்கு விசர் எப்படி வரும் என்று கேட்பவர்கள் பலர். வரும். பூனைக்கும் வரும். பூனைக்கு ஊசி போடும் வழக்கம் எமது தோட்டங்களிலே அரிது.

தோட்டத்திலே தடுப்பூசி போடுவதிலே ஒரு சங்கடம் இருக்கிறது. ஊசி போடுபவர்கள் வேலை நேரத்திலே வருகிறார்கள். அந்த நேரம் ஆட்கள் மலையிலே. நாய்களும் அவர்கள் பின்னே மலையிலே. லயத்து வாசலிலே கிழவிகளும் இரண்டு கோழிகளுமே மிச்சம். ஆகவே இவ்வாண்டு நாம் ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறோம். ஊசி போடும் தினத்தை ஒரு வாரம் முன்னதாகப் பிரட்டுக்களத்திலே அறிவிக்கவேண்டும். கூடுமானால் ஞாயிற்றுக்கிழமையிலே வைக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு லயத்துக்கும் நாய் பிடிக்கத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் வேண்டும். கூட்டம் முடிந்தபின் பெயர் கொடுக்கலாம்.

இனி வீட்டுக்குள்ளே வருவோம். அனாதையான குட்டியைச் சில வாரங்களுக்கு வைத்திருந்து, தக்க இடத்திலே சேர்ப்பதுதான் நாம் செய்ய விரும்பும் பணி. இதற்கு முதலிலே வேண்டியது மனம் என்று நினைக்கிறோம். உண்மையிலே முதலிலே வேண்டியது, பகலிலே வீட்டிலே ஓர் ஆள். கண் திறவாத குட்டிக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், இரவிலும். அதுவும் பசுப்பால் ஒத்துக்கொள்ளாது. வயிறு கழிந்து இறந்துவிடும். குட்டிகளுக்கென்றுள்ள பால்மாவை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்க வேண்டும். மல்லாத்தி வைத்துப் புகட்டக் கூடாது; பால் நெஞ்சிலே ஏறிவிடும். பால் குடித்தபின் ஈரத் துணியால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது. தடவாவிட்டால் மலசலம் கழிக்க அதற்குத் தெரியாது.

பாலைவிட முக்கியம் சூடு. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துக் குளிரிலே பசியால் சாகும் குட்டிகளைவிடக் குளிரால் சாகும் குட்டிகளே அதிகம் என்று எமக்குத் தோன்றுகிறது. குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் கொடுப்பது தவறு. முதலிலே உடம்பைச் சூடாக்க வேண்டும். போத்தலிலே சுடுநீர் நிரப்பி, பழைய சேலையைச் சுற்றி, பெட்டியிலே ஒரு பக்கமாக வைத்தால் போதும். அடுப்படியிலே விடாதீர்கள். சாம்பற் சூட்டைத் தேடிப்போன பூனைக்குட்டி ஒன்று பாதம் வெந்துபோனதை நாமே கண்டோம்.

வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் நாம் அன்பினாலே செய்யும் தீங்குகள் சில உண்டு. காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுக்கிறார்கள். மனிதருக்கு மருந்தாகும் அந்தக் குளிசை பூனைக்கு விஷம். ஒன்றே உயிரை எடுக்கப் போதும். சொறி பிடித்த நாய்க்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசுகிறார்கள். நாய் அதை நக்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். சொறிக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. அந்தச் சொறி பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால், வந்த நாயைச் சில நாள் தனியே வைத்திருப்பது நல்லது. நாயின் குடற்புழு வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் தோலிலும் ஏறும். வந்தவுடன் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. கருவிலுள்ள சிசுவுக்கு ஆபத்தான கிருமி அதிலே இருக்கக்கூடும். பூனையையே வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. கணவன்மார் அள்ளினால் போதும். (சிரிப்பு.)

லயத்து வாழ்க்கையிலே இன்னொரு பொறுப்பு உண்டு. எமக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். சில இடங்களிலே அது கூரைவரைகூட இல்லை. எமது நாய் இரவெல்லாம் ஊளையிட்டால், விடிந்ததும் மலையேற வேண்டிய அடுத்த வீட்டார் உறங்குவது எப்படி? அவர்கள் வீட்டுக் கோழியை அது பிடித்தால்? ஆகவே குட்டியைக் கொண்டுவருமுன் அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொண்டுவந்த நாயை அவர்களும் பார்த்துக்கொள்வார்கள். சொல்லாமல் கொண்டுவந்த நாய்க்குச் சோற்றிலே விஷம் வைத்த கதையும் எமக்குத் தெரியும்.

இரவிலே கட்டிவைக்கும் விஷயமும் அப்படியே. எமது மலைகளிலே சிறுத்தை இருக்கிறது. தேயிலை ஓரத்து லயங்களுக்கு அது நாயைத் தேடி வரும். இஸ்தோப்பிலே சங்கிலியிலே கட்டிய நாய் ஓடித் தப்பவும் முடியாது. உள்ளே அல்லது அடைத்த கொட்டிலிலே விடுவதுதான் முறை. நாய்க்குத் தப்பிக்க வழி செய்தால் சிறுத்தைக்கும் லயத்துக்கு வரும் பழக்கம் குறையும். பகலிலே அலையவிட்டால் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி இருக்கிறது. 2020 மே மாதத்திலே நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே அப்படிப்பட்ட கண்ணியிலே அகப்பட்டு, அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இறந்ததை நாடே அறியும். அவ்விதக் கண்ணிகளிலே அறுபட்ட நாய்களை யாரும் பத்திரிகையிலே எழுதுவதில்லை.

கருத்தடைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லத் தயங்குபவர்கள் எமது சங்கத்திலேயே உண்டு. இயற்கைக்கு விரோதம், பாவம் என்கிறார்கள். பெண் நாய் ஏறக்குறைய அறுபத்து மூன்று நாள் சுமந்து, ஒரே ஈற்றிலே ஆறும் எட்டும் ஈனும். வருடத்திலே இருமுறை ஈனக்கூடும். பூனை அதற்கு மேல். மதகிலே கிடந்த இரண்டாவது சாக்கை அவிழ்த்த எமக்கு இனி அந்த வாதத்தை எழுந்து நின்று கேட்கப் பொறுமை இல்லை, மன்னிக்கவும். அந்தப் பெண் நாய்க்கு இப்போது சிகிச்சை செய்தாயிற்று. செலவைச் சங்கம் ஏற்றது. தனாதிகாரியின் கணக்கிலே அதைக் காணலாம்.

பிரிவதும் ஒரு கடமையே. எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைக் கொடுக்கக் கூடாது. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது. வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், போட்ட ஊசிகளின் அட்டையைக் கையிலே கொடுக்க வேண்டும், 'முடியாவிட்டால் மதகிலே போடாதீர்கள், எம்மிடமே திரும்பக் கொண்டுவாருங்கள்' என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாததே எமது முதற் பிழை. எமது சகோதரி ஒருவர் இரண்டு மாதம் புகட்டி வளர்த்த குட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடவில்லை. பிரிய மனமில்லாமல் ஒவ்வொன்றையும் தாமே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. பத்தாவது குட்டியை வைத்துக்கொண்ட வீட்டிலே பதினோராவதற்கு இடமில்லை. முதற் பத்துக்கும் வயிறார உணவில்லை.

மண்சரிவு பற்றி ஒரு வார்த்தை. 2014 அக்டோபர் 29-ஆம் திகதி காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணோடு போனதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் எமது மாவட்டத்தை மறுபடியும் உலுக்கியது. எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகுட்டிகளோடு பாடசாலைகளுக்கு ஓட வேண்டிய மக்கள் நாம். மனித உயிர் முதலாவது, அதிலே விவாதமில்லை. ஆனால் வீட்டைவிட்டு ஓடும்போது கட்டியிருக்கும் சங்கிலியை அவிழ்த்துவிட ஒரு நிமிடம் போதும். கட்டிய நாய்க்குத் தப்ப வழியில்லை. அவிழ்த்த நாய்க்கு உண்டு. மேலும், நாயை விட்டு வந்த ஏக்கத்திலே ஆபத்தான இடத்துக்குத் திரும்பிப் போகும் சிறுவர்களைத் தடுக்கவும் அது உதவும். முகாம் பாடசாலையின் ஒரு மூலையிலே பிராணிகளுக்கு இடம் ஒதுக்கும்படி அதிகாரிகளைக் கேட்டிருக்கிறோம்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். சங்க அறையிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். குட்டிகளைச் சில வாரம் வைத்திருக்க இயலுமான வீடுகளின் பெயர் அதிலே எழுதப்படும். யார் வீட்டிலே பகலில் ஆள் உண்டு, எந்தக் குட்டி எப்போது வந்தது, எந்த ஊசி எந்தத் திகதியில் போட்டது, யாருக்குக் கொடுத்தது, கொடுத்த பின் போய்ப் பார்த்தது யார் என்பனவெல்லாம் எழுதப்படும். இன்றுவரை ஒன்பது வீடுகள் இருக்கின்றன.

நேற்று மாலை மடைப்பள்ளிக்குப் பின்னாலே ஒரு கடதாசிப் பெட்டியிலே இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. கண் இன்னும் திறக்கவில்லை. இப்போது அவை மேடைக்குப் பின்னறையிலே, சுடுநீர்ப் போத்தலோடு இருக்கின்றன. ஒன்பது மணிக்கு அடுத்த பால். இன்றிரவு யார் வீட்டுக்குப் போகின்றன என்பதைக் கூட்டம் முடிந்தவுடன் தீர்மானிக்க வேண்டும். பின்வரிசையிலே சிரித்த நண்பர்களும் சற்று நின்று போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.